குதிகால் திருப்பம்

மறுபடியும் ஒரு கண்ணி கூடுதலாக வருகிறது. இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் கூடுதல், அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் கூடுதல். குறைந்திருந்தால் புரிந்துகொள்வேன், ஊசியிலிருந்து நழுவி எங்கேயாவது தொங்கும், தேடிப் பிடித்து ஏற்றிவிடலாம். கூடுதலாக வந்ததை என்ன செய்வது. நான் போடாத கண்ணி என் ஊசியில் எப்படி வந்து உட்கார்ந்தது. பின்னத் தெரியாதவள் இல்லை நான். குன்னூர்க் குளிரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஸ்வெட்டர் பின்னுகிறேன், வீட்டுக்காரர் மனுவேலுக்கு, மகள் பெனிட்டாவுக்கு, எங்கள் லைன் வீடுகளில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அதற்கு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பின்னுவேன், டிவி பார்த்துக்கொண்டே பின்னுவேன், கை தானாகப் போகும். ஆனால் ஸ்வெட்டர் நேராகப் போகிற வேலை. ஓரத்தில் ஆரம்பித்து ஓரத்தில் முடியும், திருப்பிப் பிடித்து மறுபடி வரலாம். சாக்ஸ் அப்படி இல்லை, வட்டம். நாலு சின்ன ஊசிகளில் கண்ணிகளைப் பங்கு பிரித்து வைத்து ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றி வரவேண்டும். எங்கே ஆரம்பித்தேன் என்பதற்கு அடையாளமாக ஒரு சிவப்பு நூல்துண்டு கட்டியிருந்தேன். அது இருக்கிறது. ஆனால் அது இருக்கிற ஊசி முதல் ஊசியா கடைசி ஊசியா. ஒரு நிமிஷம் முன்னால்கூடத் தெரிந்திருந்தது. அதோ அந்தக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கைப் பார்த்தேன், எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது, திரும்பிக் குனிந்தபோது கையில் இருந்தது யாரோ பின்னியது மாதிரி இருந்தது. விளக்கு எரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தமாம், வாசலில் இருக்கிற செக்யூரிட்டி சொன்னார். காலையில் மனுவேலை அந்தக் கதவு வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். இடது காலை மட்டும் பச்சைத்துணியில் பொட்டலம் மாதிரி சுற்றியிருந்தார்கள். அந்தக் காலுக்குத்தான் இந்த சாக்ஸ்.

இல்லை, எந்தக் காலுக்கும் போடலாம், சாக்ஸுக்கு இடது வலது கிடையாது. ஆனால் முதல் சாக்ஸ் வீட்டிலேயே முடிந்துவிட்டது, அதை அவர் வலது காலில் போட்டுப் பார்த்தார், அதனால் அது வலது காலுடையது. மிச்சம் இருப்பது இடது. கடை சாக்ஸில் மேலே இருக்கிற எலாஸ்டிக் காலை இறுக்குகிறது, ரத்தம் ஓடாது, உள்ளே தையல் இருந்தால் புண்ணில் உரசும், தையல் இல்லாத கம்பளி சாக்ஸ் கிடைத்தால் போடுங்கள் என்று புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் சொன்னது. கிடைக்கவில்லை. பெனிட்டா பெங்களூரிலிருந்து, எப்படிப் பின்னுவது என்று வரிவரியாகச் சொல்கிற ஒரு பேட்டர்ன் அனுப்பினாள். இங்கிலீஷில் இருந்ததை அவள் ஃபோனே தமிழாக மாற்றிக் கொடுத்ததாம். நீ சுலபமா படிச்சிக்கலாம்மா என்றாள். படிக்கிறேன். 'குதிகாலைத் திருப்பு' என்று தலைப்புப் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே, 'முதல் ஒன்றை நழுவ விடு, நடுவைக் கடந்து பின்னு, இரண்டை ஒன்றாக்கு, இன்னும் ஒன்று, வேலையைத் திருப்பு, மீதியைப் பொருட்படுத்தாதே.' மீதியைப் பொருட்படுத்தாதே. இது மனுஷன் எழுதுகிற தமிழா. வேலையைத் திருப்பு என்றால் கையில் இருப்பதைத் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறது என்று முதல் சாக்ஸ் பின்னியபோதே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் வரி முடியவில்லையே. ஊசியில் இன்னும் கண்ணிகள் காத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றைத் தொடாமல் பாதியிலேயே திரும்பு என்கிறது. மறுபக்கம் போய் அங்கேயும் முடிக்காமல் பாதியிலேயே திரும்பு. அப்படிப் பாதிப் பாதியாகத் திரும்பித் திரும்பி வந்தால் நேராக இருந்த துணி தானாகக் குழிந்து ஒரு கிண்ணம் மாதிரி ஆகி அதற்குள் குதிகால் உட்காருமாம். முதல் சாக்ஸில் உட்கார்ந்தது. எப்படி உட்கார்ந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்தேன், வந்துவிட்டது. இப்போது அந்த முதல் சாக்ஸைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னுகிறேன், வரமாட்டேன் என்கிறது. பார்க்காமல் செய்தபோது வந்தது பார்த்துச் செய்தால் வரவில்லை என்றால் கை கெட்டுவிட்டதா, கண் கெட்டுவிட்டதா.

"ஏனுங்க, பேரனுக்குங்களா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டாள் அந்தப் பொள்ளாச்சி அம்மா. பேர் மயிலாத்தாள். காலையில் வந்ததிலிருந்து பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பைக்கிலிருந்து விழுந்து தொடையெலும்பு உடைந்துவிட்டதாம், பிளேட் வைக்கிறார்கள். அவளுக்குப் பயமில்லை, பிளேட் என்பது சேர்க்கிற வேலை. "இல்லைங்க, வீட்டுக்காரருக்கு" என்றேன். "அவ்வளவு பெரிய ஆளுக்கு இத்தனை சிறுசாவா?" என்றாள். சின்னதாகவா இருக்கிறது. விரித்துப் பார்த்தேன். இழுத்தால் விரியும் என்று சொன்னேன். எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மெத்துன்னு இருக்குதுங்க, எங்கூர்ல இதப் போட்டா வெந்து போயிரும்" என்றாள். "காலுக்கு என்னங்க?" நான் சக்கரை என்று மட்டும் சொன்னேன். அவள் 'ச்' கொட்டினாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். குளிருக்கு நெருப்புப் போட்ட கணப்புச் சட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார், கால் சட்டியில் பட்டு வெந்துகொண்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை, எனக்குத்தான் நாற்றம் வந்து எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். வலிக்கலையா என்று கேட்டால், என்ன வலிக்கலையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். தன் கால் வேகிறது தனக்குத் தெரியாமல் இருக்குமா ஒருத்தருக்கு. அன்றைக்கு நான் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, இது தெரியுதா, இது தெரியுதா என்று ஊசி முனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தெரியுது தெரியுது என்றார். நான் தொடாதபோதும் தெரியுது என்றார்.

பிரித்துவிடலாம். கூடுதலாக வந்த கண்ணி எந்த வரியில் வந்தது என்று தெரியாமல் எவ்வளவு தூரம் பிரிப்பது. பிரிப்பது பின்னுவதைவிடக் கஷ்டம் இந்தச் சின்ன ஊசிகளில். ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரவேண்டும், வரும்போது ஒன்று நழுவினால் கீழே ஓடிக்கொண்டே போகும். இரண்டை ஒன்றாக்கிக் கணக்கை நேர்செய்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது, உள்ளங்காலில் இருக்கும். உள்ளங்காலில் ஒரு முடிச்சு. மற்றவர்களுக்கு உறுத்தும், எடுத்துவிடுவார்கள். இவருக்கு உறுத்தாது. உறுத்தாததனால்தான் அது புண்ணாகும். அதனால் முடிச்சு கூடாது. பிரிக்கத்தான் வேண்டும். நான் பிரிக்க ஆரம்பித்தேன், இரண்டு கண்ணி வந்தேன், மூன்றாவதில் நின்றேன். ஒருவேளை இது கூடுதல் இல்லையோ. பேட்டர்னே இப்படித்தானோ. 'இன்னும் ஒன்று' என்று ஒரு வார்த்தை வருகிறதே, அது பின்னவேண்டிய ஒன்றா, கூட்டவேண்டிய ஒன்றா. சரியாகச் செய்ததைத்தான் தப்பென்று பிரிக்கிறேனோ. ஃபோனை எடுத்து மறுபடி படித்தேன். படிக்கும்போது அவர் குரல் கேட்டது. காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போவதற்குக் கொஞ்சம் முன்னால், நர்ஸ் அந்தப்பக்கம் போனதும், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "செலினு, விரலை எடுக்கறதோட நிறுத்தச் சொல்லு" என்றார். "டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். அதுக்கு மேல போகணும்னா வெளியே வந்து உன்னைக் கேப்பாங்களாம். வேண்டாம்னு சொல்லிடு. அப்படியே தச்சு அனுப்பட்டும். எது ஆனாலும் ஆகட்டும்." நான் சரி என்றேன். அவர் கையை விடவில்லை. "சரின்னா என்ன சரி? சொல்லு." நான், "வேண்டாம்னு சொல்றேன்" என்றேன். அதற்கப்புறம்தான் கையை விட்டார். வேண்டாம்னு சொல்றேன். அதுதான் நான் சொன்னது. ஆனால் அதை நான் எந்த மனதோடு சொன்னேன். அழுகிற குழந்தையிடம் இதோ வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற மாதிரி சொன்னேனா, நிஜமாகவே சொன்னேனா. அப்போது தெரிந்திருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் இரண்டு மாதிரியும் கேட்கிறது.

பெஞ்சமின்தான் காரணம். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, மனுவேலோடு ஃபேக்டரியில் ஒன்றாக வேலை பார்த்தவர். அவருக்கும் சக்கரைதான், காலை முட்டிக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனுவேல் அவரைப் பார்க்கப் போவார், திரும்பி வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "அவன்கிட்ட எல்லாரும் சத்தமாப் பேசறாங்க செலினு, கால் போனா காது கேக்காதா" என்றார். இன்னொரு நாள், "அவன் பொண்டாட்டி அவன் முன்னாடியே அவனைப் பத்தி பேசுது, அவன் அங்க இல்லாத மாதிரி" என்றார். நான் அப்படிப் பேசுவேனா. மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மாவும் மாட்டேன் என்றுதான் நினைத்திருக்கும். மனுவேலின் கால் ஓடிய கால். ஃபேக்டரி வேலை வாரநாளில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கறுப்பு டிரவுசர் கறுப்புச் சட்டை போட்டு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். ஃபுட்பால் ரெஃப்ரி. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலைக்கு இவ்வளவு ஆசையா என்று கேட்பேன். ஒரு தடவை ஃபைனல், எங்கள் ஃபேக்டரி டீமே ஆடுகிறது, மழையும் பனியுமாக எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை, எங்கள் ஆள் ஒருத்தன் கையில் பந்து பட்டது என்று பெனால்டி கொடுத்துவிட்டார். தோற்றுவிட்டோம். செருப்பு வீசினார்கள். வீட்டுக்கு வரும்போது ஷூவெல்லாம் சேறு, முழங்காலில் சிராய்ப்பு. "நிஜமாவே கையில பட்டுச்சா?" என்று கேட்டேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "பட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். "மாதிரின்னா?" "பனில அவ்வளவுதான் தெரியும். ஊதித்தான் ஆகணும். ஊதாம நின்னா ரெஃப்ரி இல்ல, வேடிக்கை பாக்க வந்தவன்." அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபமாகத்தான் வந்தது. லைனில் யாரும் எங்களோடு ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை. இப்போது ஏன் அந்தப் பனி ஞாபகம் வருகிறது. இந்த ஹாலில் ஏசி குளிர் வேறு. பச்சைச் சுவர், வரிசையாக இரும்பு நாற்காலி, ஆஸ்பத்திரி நாற்றத்தோடு யாரோ கொண்டுவந்த தக்காளி சாத வாசனை. பனியே இல்லை. கோயமுத்தூரில் ஏது பனி.

ஃபோன் அடித்ததும் பதறிவிட்டேன், ஊசி விரலில் குத்தியது. பெனிட்டா. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், பின்னால் யாரோ சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், பாதி கேட்கவில்லை. "அம்மா, டாக்டர் வந்தாங்களா?" "இல்லடி." "வந்தா நான் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணச் சொல்லு. நீ எதுக்கும் சரின்னு சொல்லிடாதே." "சரி." "வேண்டாம்னும் சொல்லிடாதேம்மா." நான் அதற்கும் சரி என்றேன். "எங்க வந்திருக்க?" என்று கேட்டேன், சேலம் என்றாளா, சேலம் தாண்டி என்றாளா, கட்டாகிவிட்டது. சரின்னும் சொல்லக்கூடாது, வேண்டாம்னும் சொல்லக்கூடாது, உள்ளே அவரைப் படுக்க வைத்து அறுத்துத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் சேலத்துக்காகக் காத்திருப்பார்களா. அவள் அப்பாபிள்ளை. அப்பாவுக்கு வேண்டியது என்ன என்று அவளைக் கேட்டால் ஒன்று சொல்வாள், அப்பா வேண்டுமா என்று கேட்டால் வேறொன்று சொல்வாள், இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வரும். குனிந்து பார்த்தால், நான் பயந்தபடியே, ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. விரலில் குத்தின பதற்றத்தில் விட்டிருக்கிறேன். ஏணி மாதிரி கீழே கீழே ஓடியிருக்கிறது, ஒவ்வொரு படியிலும் ஒரு குறுக்கு நூல். இழுக்கக்கூடாது, இழுத்தால் இன்னும் ஓடும். கொக்கி ஊசி குன்னூரில் இருக்கிறது. நான் விரலால் அந்த இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மயிலாத்தாள் பார்த்திருக்க வேண்டும். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, நெளித்து, "இது ஆவுங்களா பாருங்க" என்று நீட்டினாள். ஆயிற்று. அடியில் நின்ற கண்ணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே இழுத்து வந்தேன், அவள் ஃபோன் லைட்டைப் போட்டுக் காட்டினாள். பாதி வழியில் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடுதலாக ஒன்று இருக்கிறது என்று இவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தேன், இப்போது தானாக ஒன்று நழுவியது, அதை எதற்கு மேலே ஏற்றுகிறேன். ஆனால் நழுவியது அந்தக் கூடுதல் கண்ணி இல்லை, வேறு. கூடுதலானது எது என்று எனக்கு இன்னும் தெரியவே இல்லை. "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்லைங்க, எதை விடறது எதை எடுக்கறதுன்னு தெரியலை" என்றேன். "பூராப் பிரிச்சிட்டு மொதல்ல இருந்து போட்டா என்னுங்க? உக்காந்துதான இருக்கறம்." நல்ல யோசனைதான். முதலில் இருந்து. முதல் என்பது எது, சாக்ஸின் மேல்பட்டையா, குதிகாலா. எனக்கு எதிலும் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கத் தெம்பில்லை.

"மனுவேல் அட்டெண்டர்" என்று கூட வந்த ஆளைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மடியில் இருந்ததெல்லாம் கீழே விழுந்தது, நூல்கண்டு நாற்காலிகளுக்கு அடியில் உருண்டுபோனது. நான் பார்க்கவில்லை, நடந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டரம்மா மாஸ்க்கை இறக்கிவிட்டு நின்றாள், சின்னப் பெண், பெனிட்டாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், நெற்றியில் தொப்பி பதிந்த கோடு. கையில் கையுறை இல்லை, கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள், ஆனாலும் கைகளை எதிலும் படாமல் தூக்கியே வைத்திருந்தாள். "அம்மா, விரல் மட்டும் எடுத்தா போதும்னு பாத்தோம். திறந்து பாத்தா குதிகால் எலும்புக்குள்ளயே சீழ் போயிருக்கு. முட்டிக்குக் கீழ எடுத்தாகணும்." நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அவர் வேண்டாம்னு சொன்னாரு" என்றேன். "எங்கிட்டயும் சொன்னாரும்மா. விரலோட முடிஞ்சா முடிச்சிடறேன்னுதான் நானும் சொன்னேன். முடியலை." "எடுக்காம தச்சா?" "சீழ் ரத்தத்துல கலந்துடும். ஏற்கனவே காய்ச்சல் இருக்கு. மறுபடி உள்ள கொண்டு வர்ற நிலையில இருப்பாரான்னு எனக்குத் தெரியாது." "பொண்ணு வந்துட்டிருக்கா." "எவ்வளவு நேரம் ஆகும்?" சேலம் என்றேன். அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். கதவுக்குள்ளிருந்து ஏதோ ஒரு மெஷின் விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய விஷயங்கள் எல்லாம் மனதில் ஓடும் என்று நினைத்திருந்தேன் இந்த நேரத்துக்கு. ஒன்றும் ஓடவில்லை. இரண்டு நாளாக அவர் வெறும் கஞ்சிதானே குடித்தார், உள்ளே பசிக்குமா என்று தோன்றியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்த இடம் அரித்தது. டாக்டரம்மா, "நீங்கதான் சொல்லணும்மா" என்றாள், சத்தமாக இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி. நான், "எடுத்தா நாளைக்கு இருப்பாரா?" என்று கேட்டேன். "இருப்பாருன்னு நம்பறேன்." "நம்பறீங்களா, தெரியுமா?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்பறேன்" என்றாள். "எடுங்க" என்றேன். ஒரு நர்ஸ் பேப்பரை நீட்டினாள், காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கதவு மூடிக்கொண்டது. மூடின பிறகு, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று தோன்றியது. இல்லை, எடுங்க என்று சொல்லத்தான் திறந்தேன். எழுந்து வரும்போதே முடிவு செய்திருந்தேனா, அந்தப் பெண் யோசித்துவிட்டுச் சொன்ன அந்த ஒரு வார்த்தையாலா, அல்லது பசிக்குமே என்று தோன்றியதாலா. மூடின கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ ஸ்ட்ரெச்சர் வருது தள்ளுங்க என்றார்கள், தள்ளினேன்.

நாற்காலிக்குத் திரும்பியபோது மயிலாத்தாள் சாக்ஸை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வைத்திருந்தாள், சாமிக்குப் படைக்க எடுத்துப் போகிற மாதிரி. "ஒரு ஊசி உருவிப் போச்சுங்க. நா தொடலீங்க, தொட்டா ஓடிருமேன்னு அப்படியே வெச்சிருக்கேன்" என்றாள். ஒரு ஊசி நிறைய இருந்த கண்ணிகள் எல்லாம் திறந்த வாயோடு நின்றன. நான் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றத் தொடங்கினேன். எதற்கு ஏற்றுகிறேன் என்று தெரிந்து ஏற்றவில்லை. விட்டால் ஓடிவிடும், அவ்வளவுதான். வலது காலுக்கு ஒன்று இருக்கிறது, அது கிழிந்தால் மாற்றுக்கு ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது, இவ்வளவு சீக்கிரம் ஒருத்திக்குக் கணக்குப் போட வருமா. மயிலாத்தாள் என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் குனிந்து நூலைச் சுற்றிச் சுற்றிக் கண்டாக்கிக்கொண்டே வந்தாள். அப்புறம் அவள் தம்பியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள், போகும்போது என் தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனாள். பெனிட்டாவுக்கு ஃபோன் போட்டேன். சொன்னேன். பஸ் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "நீ சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். ஒருத்தர்தான், ஐந்து நிமிஷம்தான் என்றார்கள். மனுவேல் கண்ணை மூடியிருந்தார். முகம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. போர்வை காலில் படாமல் இருக்க ஒரு இரும்பு வளைவை வைத்து அதன்மேல் போர்த்தியிருந்தார்கள், அதனால் பார்த்தால் எதுவும் தெரியாது, இரண்டு காலும் உள்ளே இருப்பது மாதிரிதான் இருக்கும். நான் தலைமாட்டில் நின்றேன். உட்கார ஸ்டூல் இல்லை. என்ன சொல்வது என்று உள்ளே வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன், டாக்டர் சொன்னாங்க என்று ஆரம்பிக்கலாமா, வேற வழியில்லை என்று ஆரம்பிக்கலாமா, எதை முதலில் சொன்னாலும் பொய் மாதிரி கேட்டது. அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தாரா விளக்கைப் பார்த்தாரா தெரியவில்லை.

"செலினு."

"இங்கதாங்க இருக்கேன்."

"அரிக்குது."

"எங்கங்க?"

"இடது கால்ல. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல. நல்லா அரிக்குது."

எத்தனை வருஷமாகத் தீகூடத் தெரியாத கால். எனக்கு மூளை நின்றுவிட்டது. ஒருவேளை எடுக்கவில்லையோ, கடைசி நிமிஷத்தில் ஏதாவது மாறியதோ, என்னிடம் சொல்ல மறந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன், நிஜமாகவே நினைத்தேன். கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன். வலது பாதம் இருந்தது, சில்லென்று. அதற்குப் பக்கத்தில் விரிப்பு இருந்தது. வழவழவென்று, சுருக்கம்கூட இல்லாமல், வெறும் விரிப்பு. நான் அந்த இடத்தை விரல்களால் சொறிந்தேன்.

"கொஞ்சம் மேல."

கொஞ்சம் மேலே சொறிந்தேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் முகத்தில் ஏதோ யோசனை ஓடியது. அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என்னைத்தான் பார்த்தார்.

"நீ சொறியறியா?"

"சொறியறேங்க."

"தெரியலையே."

என் கை நிற்கவில்லை.

"எதுவரைக்கும் செலினு?"

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இன்னொரு கையால் என் புடவைமேலேயே, முட்டிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி வைத்துக் காட்டினேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். கண்ணோரத்தில் தண்ணீர் கோடாக இறங்கிக் காதுக்குள் போனது, அவர் துடைக்கவில்லை, துடைக்கக் கை வரவில்லையோ என்னவோ.

"நீயா சொன்ன?"

"நான்தான் சொன்னேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். நர்ஸ் கதவருகே வந்து கையால் சைகை காட்டினாள், நேரமாகிவிட்டது என்று.

"அப்ப இப்ப அரிக்கிறது எதுடி?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"எனக்குத் தெரியலைங்க."

"எனக்கும் தெரியலை" என்றார். அப்புறம், "பரவால்ல, நிறுத்தாத" என்றார்.

நான் நர்ஸைப் பார்த்து இன்னும் ஒரு நிமிஷம் என்று தலையாட்டிவிட்டு, போர்வைக்குள் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டு நின்றேன்.